வெள்ளிக்கிழமை காலையே பெட்டி கட்டினவர்

இன்னைக்குக் கதை 1989-ல, ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குது.

அந்த வருஷம் ஃபார்முலா 1-ல கார்கள் ஏகப்பட்டது. ரேஸ்ல இடம் 26 தான். அதனால 13 கார்களை மட்டும் வெள்ளிக்கிழமை காலையில தனியா ஓடவிடுவாங்க. ஒரு மணி நேரம். முதல் நாலு பேர் தகுதிச்சுற்றுக்குப் போகலாம். மத்தவங்க ஒன்பது மணிக்கே பெட்டி கட்டணும். இதுக்குப் பேர் ப்ரீ-குவாலிஃபையிங்.

அப்படி வாராவாரம் பெட்டி கட்டினவர்தான் பெர்ன்ட் ஷ்னைடர். 1964-ல் ஜெர்மனியின் ஸார்லாண்ட் பகுதியில் பிறந்தவர். 1987-ல் ஜெர்மன் ஃபார்முலா 3 சாம்பியன். ஆனா 1989-ல ஸாக்ஸ்பீட் டீமோட யமஹா எஞ்சின் காரை வச்சுக்கிட்டு, 16 ரேஸ்ல பிரேசில், ஜப்பான் ரெண்டுல மட்டும்தான் ஓட முடிஞ்சது. மீதி 14 தடவையும் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டல.

திறமை இல்லையோன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. அதே டீம்ல இன்னொரு காரை ஓட்டினவர் அகுரி சுஸுகி. அவர் 16-லயும் அவுட். அடுத்த வருஷம் வேற டீமுக்குப் போனவர், ஜப்பான் கிராண்ட் ப்ரீல மூணாவது இடம் பிடிச்சு மேடை ஏறினார்! கோளாறு எங்க இருந்ததுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஷ்னைடருக்கு அப்படி ஒரு வாய்ப்பு அங்க வரல. 1990-ல் ஆரோஸ் டீமுக்காக ஒரே ஒரு ரேஸ், அதோட ஃபார்முலா 1 முடிஞ்சது. அவருக்குக் கதவு திறந்தது டூரிங் கார் ரேஸ்ல. வெளியில பார்த்தா ரோட்ல ஓடற செடான். உள்ளே முழுக்க ரேஸ் மெஷின். ஜெர்மனியில அப்போ இந்த ரேஸுக்கு டி.டி.எம்.னு பேர். 1992-ல் மெர்சிடிஸ் டீம், 1995-ல் சாம்பியன் பட்டம்.

அடுத்த வருஷமே அந்தப் போட்டி செத்துப்போச்சு. சாதாரண செடானுக்குள்ள எலக்ட்ரானிக்ஸைத் திணிச்சுத் திணிச்சு செலவு எகிறிடுச்சு. ஓப்பலும் ஆல்ஃபா ரோமியோவும் கையை விரிச்சிட்டாங்க. மெர்சிடிஸ் மட்டும் யாரோட மோதும்? ஜெயிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு ஜெயிக்கக் களமே இல்ல. மெர்சிடிஸ் ஜி.டி. ரேஸுக்குத் தாவ, ஷ்னைடரும் கூடவே போய் 1997-ல் அங்கேயும் சாம்பியன் ஆனார்.

2000-ல் டி.டி.எம். மறுபடி உயிர் பெற்றது. அந்த வருஷம், அடுத்த வருஷம், அப்புறம் 2003. கடைசியா 2006, அப்போ வயசு 42! மொத்தம் அஞ்சு பட்டம். டி.டி.எம்.ல வேற யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடல. எனக்கு அந்த 2006 பட்டம்தான் பெருசு. பாதி வயசுப் பசங்களோட மோதி வாங்கினது.

2008-ல் டி.டி.எம்.லேர்ந்து ஓய்வு. ஆனா மனுஷன் சும்மா இருக்கல. 2013-ல், 48, 49 வயசுல, சக டிரைவர்களோட மாறி மாறி ஓட்டி, துபாய் 24 மணி நேர ரேஸ், ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 12 மணி நேர ரேஸ், நூர்பர்க்ரிங் 24, ஸ்பா 24 எல்லாத்தையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சார். ஒரு காலத்துல ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியாதவர்.