பட்டியலில் தேடுதல்: வலையமைப்பு வரலாற்றில் ஒரு சிறு அதிகாரம்

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் உருவாகி 1983 இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸ், இணைய நெறிமுறைகளைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குக் கொண்டுசென்ற மென்பொருளாகும். நடைபெறும் ஒவ்வொரு ரீ.சி.பி. இணைப்புக்கும் அதனுள் ஒரு பதிவு இருந்தது. அப்பதிவுகள் யாவும் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. தரவுப் பொதியொன்று வந்ததும், அது எவ்விணைப்புக்கு உரியது என அறியச் சங்கிலியைத் தலையிலிருந்து தேடிச் செல்லவேண்டும். இதனை அறியாமையின் விளைவெனக் கொள்ளுதல் பொருந்தாது. பதிவுகளை ஒரு கணிப்பின் வழியே சிறு கூட்டங்களாகப் பகிர்ந்து தேடும் ஹாஷிங் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீற்றர் லூன் 1953 இலேயே எழுத்தில் வைத்திருந்தார். இணைப்புகள் மிகச் சிலவாக இருந்த காலத்தில் அதற்குத் தேவை எழவில்லை.

1990 இல் வெளியான 4.3 பி.எஸ்.டி. ரெனோப் பதிப்பு, இறுதியாகக் கண்டெடுத்த பதிவை நினைவில் வைத்து அடுத்த பொதிக்கும் அதனையே முதலிற் பார்த்தது. பெருங்கோப்பு அனுப்பப்படுகையில் ஒரே இணைப்பின் பொதிகள் அடுத்தடுத்து வருமாதலின் இவ்வுபாயம் நன்கு பயன்பட்டது. வங்கிக் கொடுக்கல் வாங்கலில் நிலைமை வேறு. 2,000 பேர் தத்தம் முனையங்களிலிருந்து இடையிடையே சிறு செய்திகளை அனுப்புவாராயின், முந்திய பொதிக்குரியவரே அடுத்ததையும் அனுப்புதல் அரிது. சராசரியாக ஆயிரம் பதிவுகளைக் கடந்தே உரியதை அடையலாம். சீக்குவென்ற் நிறுவனத்தின் போல் மக்கெனியும் கென் டவ்வும் 1992 இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையையே எடுத்துக்கொண்டது. முகவரிகளையும் துறை எண்களையும் கொண்டு ஓர் எண்ணைக் கணித்து, அதன்படி பதிவுகளைக் குறுஞ்சங்கிலிகள் பலவற்றுக்குப் பகிர்வது அவர்கள் ஆதரித்த வழி. 100 சங்கிலிகளாயின் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 பதிவுகளே இருக்கும். தேடல் பத்தளவில் முடியும். லூனின் கருத்து ஏறக்குறைய நாற்பதாண்டுகளின் பின் இங்கு வேலைக்கு வந்தது எனலாம்.

உலகளாவிய வலை பரவியபோது, விடைபெற்றுச் சென்ற வாடிக்கையாளரும் பட்டியலை நீட்டினர். இணைப்பை முதலில் முடிக்கும் தரப்பு அதன் பதிவைச் சிறிது காலம் வைத்திருத்தல் ரீ.சி.பி. விதி, 1981 இன் வரையறைப்படி அது நான்கு நிமிடம். தொடக்ககால வலைச் சேவையகமோ ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் இணைப்பை ஏற்றுத் தானே மூடிற்று. வினாடிக்கு 20 இணைப்புகள் முடியுமாயின் 4,800 இறந்த பதிவுகள் சங்கிலியிற் கிடக்கும். உயிருள்ளதைத் தேடுபவன் இவற்றையும் தாண்டவேண்டும்.

ஹாஷிங்கும் முழுக் காவலன்று. சராசரியை நம்பி அமைத்தோர் பகைவனை எண்ணியிருக்கவில்லை. எல்லாப் பதிவுகளும் ஒரே சங்கிலியில் விழுமாறு உள்ளீடுகளைத் தெரிந்தெடுத்து அனுப்பின், பழைய நீண்ட பட்டியலே மீளும் என்பதை றைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்கொற் குறொஸ்பியும் டான் வலக்கும் 2003 இல் செய்துகாட்டினர். 2012 இல் ஓமாசோனும் பேர்ண்ஸ்ரைனும் வெளியிட்ட சிப்ஹாஷ், இரகசிய எண்ணொன்றைக் கணிப்பிற் சேர்த்தது. எப்பதிவு எச்சங்கிலியில் விழும் என்பதை வெளியார் முன்னறிதல் அதனால் இயலாதாயிற்று. பைதன், ரூபி முதலிய மொழிகள் அதனை ஏற்றுக்கொண்டன.