கணினியில் குப்பைத்தொட்டி வந்த வரலாறு

1992-ஆம் ஆண்டில் நமது நகரத்துச் சங்கமொன்றில் கணக்கெழுதி வந்த இளைஞர் ஒருவர், வேண்டாத பழைய கோப்புகளை நீக்கக் கருதிக் கணினிக்குக் கட்டளையிட்டார். “நிச்சயந்தானா?” என்று இயந்திரம் வினவிற்று. ஆம் என்பதற்குரிய எழுத்தை அவர் விரல் அழுத்திற்று. அந்த நொடியிலே அங்கத்தினர் பட்டியலும் மூன்றாண்டுச் சந்தாக் கணக்கும் திரையினின்று மறைந்தொழிந்தன. அடுத்து நடந்த கூட்டத்தில் அவரைக் கடிந்து பேசாதார் இல்லை. “கவனக் குறைவு” எனத் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. ஆதரித்துக் கை தூக்கியவர்களுள் நாமும் ஒருவர். குற்றம் முழுவதும் அவருடையதுதானா என்னும் ஐயம் நமக்குப் பன்னாள் கழித்தே தோன்றிற்று. தோன்றிய பின் கணினிகளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானோம். அங்கே கண்டவற்றுள் சிலவற்றை வாசகர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் அறிஞர்கள் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையை உருவாக்கத் தொடங்கினர். அதில் கோப்பை நீக்கும் கட்டளைக்கு இரண்டே எழுத்துகள்: ஆர், எம். பக்கத்தில் ஓர் உடுக்குறியை இட்டுவிட்டால், நின்ற இடத்திலுள்ள கோப்புகள் யாவும் போகும். கேள்வியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அதனை ஆண்டவர்கள் அதனை ஆக்கியவர்களே ஆதலின், தாம் செய்வதைத் தாம் அறிவோம் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆயின் அதே மனப்பான்மை, கணினி கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்த பின்னரும் நெடுநாள் மாறவில்லை. மைக்ரோசாப்டின் டாஸ் முறையில், ஓரிடத்திலுள்ள அனைத்தையும் நீக்கச் சொன்னால் மட்டும் ஒரு கேள்வி பிறந்தது. நாள்தோறும் ஒரே கேள்விக்கு ஒரே விடை சொல்லிப் பழகிய விரல், மனம் சிந்திக்குமுன் விடையை அழுத்திவிடும். அக்கேள்வியால் காக்கப்பட்டவர் சிலரே.

நீக்குதல் என்பது உண்மையில் யாது? தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பழைய நாளில் செக்ரோல் புத்தகத்தில் ஒருவர் பெயரை அடித்துவிட்டு, லயத்தில் அவர் இருந்த வீட்டைக் காலி என்று எழுதிவிட்டாலும், ஆள் அந்த வீட்டிலேதான் இருப்பார். புதுக் குடும்பம் சட்டிபானையோடு வந்து இறங்கும்போதுதான் அவர் வெளியேற நேரும். டாஸ் செய்ததும் இதுவே. கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி வேறொரு குறியை இட்டு, அது தங்கிய இடங்களைக் காலி எனக் குறித்துவிடும். உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. வேறொரு கோப்பு வந்து அவ்விடத்தில் எழுதப்படும் வரை பழைய எழுத்துகள் வட்டிலே கிடக்கும்.

இந்நுட்பத்தை அறிந்த பீட்டர் நார்ட்டன், நீக்கியதை மீட்கும் கருவியொன்றை 1982-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொணர்ந்தார். 1991-இல் வெளிவந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில் மைக்ரோசாப்டும் மீட்புக் கட்டளை ஒன்றைச் சேர்த்தது. அக்கட்டளை கோப்பைக் கண்டெடுத்த பின், பெயரின் முதல் எழுத்து யாது என்று நம்மையே கேட்கும். அது ஒன்றுதான் அழிந்துபோயிற்றன்றோ!

இவையெல்லாம் நோய் கண்ட பின் மருந்து தேடும் முறைகள். நோய் வருமுன் காக்கும் முறையை மக்களிடையே பரப்பியது ஆப்பிள் நிறுவனம். 1983-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த அதன் லிசா கணினியின் திரையிலே ஒரு குப்பைக்கூடை காட்சியளித்தது. 1984 ஜனவரியில் வந்த மெக்கின்டாஷ் அதனை மேலும் பலரிடம் கொண்டு சேர்த்தது. வேண்டாத கோப்பை இழுத்துச் சென்று அத்தொட்டியில் இட வேண்டும்; தவறென்று தோன்றினால் திறந்து எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்துக் குப்பைக்கூடையில் கசக்கி எறிந்த காகிதத்தை மீண்டும் எடுத்து நீவி வைப்பதை யார் செய்ததில்லை? அக்காட்சியைத் திரையில் வரைந்ததே அங்குள்ள அறிவுடைமை. மனிதன் தவறுவான் என்பதை இயந்திரம் ஒப்புக்கொண்டது.

தொடக்கத்தில் குறையும் இருந்தது. கணினியை நிறுத்தினால் தொட்டி தானே காலியாகும். 1991-இல் வந்த ஏழாம் பதிப்பு முதற்கொண்டே, உடையவர் சொன்னாலன்றித் தொட்டி காலியாகாது என்னும் நிலை ஏற்பட்டது. மற்றொரு வேடிக்கையும் உண்டு. செருகிய வட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் அதன் படத்தையும் இக்குப்பைத்தொட்டியிலேயே இட வேண்டும்! எல்லாம் அழிந்துவிடுமோ என்று புதியவர்கள் நடுங்கினர். நல்ல கருத்தைத் தந்தவர்களே அதனைக் குழப்பினர் என்போம்.

தொட்டியின் படம் நீதிமன்றமும் ஏறிற்று. 1988-இல் ஆப்பிள், மைக்ரோசாப்ட் மீதும் ஹியூலட்-பாக்கர்ட் மீதும் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. கோரிக்கைகளிற் பெரும்பாலானவை தள்ளுபடியாயினும், ஹியூலட்-பாக்கர்டின் நியூவேவ் திரையிலிருந்த குப்பைத்தொட்டிப் படமும் கோப்புறைப் படமும் ஆப்பிளின் உரிமையைச் சார்ந்தவை எனக் கருதப்பட்டன. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது அதில் இருந்தது குப்பைத்தொட்டியன்று, ‘ரீசைக்கிள் பின்’ என்னும் மறுசுழற்சித் தொட்டி.

தொட்டியில்லாத யூனிக்ஸ் வழிமுறை என்ன செய்யும் என்பதற்கு 1998-இல் பிக்சார் படநிறுவனத்தில் நேர்ந்ததே சான்று. ‘டாய் ஸ்டோரி 2’ படத்துக்கு உரிய கோப்புகள் அந்த ஈரெழுத்துக் கட்டளை ஒன்றால் கண்முன்னே மறையலாயின. இயந்திரத்தை நிறுத்துவதற்குள் மிகப்பெரும் பகுதி போயிற்று. மாற்றுப் படிகளை எடுத்துப் பார்த்தால் அவையும் பழுது. அவை சரியாய் இருக்கின்றனவா என்று யாரும் சோதித்ததில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணி செய்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் கணினியில் ஒரு படி இருந்தது. அக்கணினியைக் கம்பளியிற் சுற்றிக் காரில் கொணர்ந்து படத்தை மீட்டனர்.

இக்காலக் கைப்பேசிகளும் தொட்டியை மேற்கொண்டன. ஐபோன் 2014 முதல், நீக்கிய படங்களை 30 நாள் தனியே வைத்திருக்கின்றது. ஆயினும் எங்கும் தொட்டி உண்டென்று நம்பியிருத்தல் ஆகாது. விண்டோஸ் கணினியில் செருகிய சிறு யுஎஸ்பி கருவியிலிருந்து நீக்கிய கோப்பு பொதுவாகத் தொட்டிக்குச் செல்வதில்லை. ஷிப்ட் விசையுடன் நீக்கியதும் அவ்வாறே. இன்றைய எஸ்எஸ்டி சேமிப்பகங்களிலோ, காலி எனக் குறித்த இடத்தை இயந்திரமே துடைத்துவிடுவதால், முன்போல் மீட்டலும் அரிது. பெயர் அடிபட்ட அன்றே வீடும் இடிக்கப்படுகின்றது எனலாம்.

இனி நமது சங்கத்துக்கு வருவோம். அக்கணினியில் இருந்தது டாஸ் ஐந்தாம் பதிப்பே. மீட்புக் கட்டளையும் அதனுள் இருந்தது. அதை அறிந்தார் ஒருவரும் இல்லாமையால், அன்று மாலையே அதே வட்டில் புதுப் பட்டியல் தட்டத் தொடங்கினோம். இழந்த கணக்கின்மேல் எழுதியது நம் கைகளே. அவ்விளைஞர் அடுத்த ஆண்டு சங்கத்தை விட்டு விலகினார். “கவனக் குறைவு” என்ற அத்தீர்மானம் மையால் எழுதப்பட்டது. புத்தகத்தில் இன்றும் அப்படியே இருக்கின்றது.