வெளிநாட்டில் இறங்கியதும் இணையம்: புறப்படும் முன்பே செய்ய வேண்டியவை என்ன?

வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கும் பயணிக்கு முதல் ஒரு மணி நேரத்தில்தான் இணையம் மிகவும் தேவைப்படுகிறது. விடுதி முகவரி, வாடகைக் கார் செயலி, வரைபடம், வங்கி அனுப்பும் ஓடிபி என அனைத்தும் கைப்பேசியிலேயே உள்ளன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் வருகை அட்டையையும் இணைய வழிக்கு மாற்றிவிட்டன. எனவே, இணைய வசதிக்கான ஏற்பாட்டைப் புறப்படும் முன்பே செய்துவிடுவது அவசியம். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

சர்வதேச ரோமிங்

இந்திய சிம் கார்டையே வெளிநாட்டிலும் பயன்படுத்தும் எளிய முறை இது. ஆனால், ரோமிங் திட்டத்தைத் தேர்வு செய்யாமல் டேட்டாவைப் பயன்படுத்தினால் கட்டணம் பல மடங்கு உயரக்கூடும். பயனர் எதையும் திறக்காத நிலையிலும் செயலிகள் பின்னணியில் டேட்டாவைப் பயன்படுத்தும். திட்டம் இல்லாதவர்கள் விமானம் தரையிறங்கும் முன்பே ‘டேட்டா ரோமிங்’ வசதியை அணைத்துவிட வேண்டும்.

உள்ளூர் சிம்

அதிக நாள்கள் தங்குவோருக்கு இது பெரும்பாலும் சிக்கனமானது. பல நாடுகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்வது கட்டாயம். சிங்கப்பூரில் ஒருவர் அதிகபட்சம் 3 ப்ரீபெய்டு சிம் கார்டுகள் மட்டுமே வைத்திருக்கலாம். ஒரே நிறுவனத்தின் சேவைக்காகப் பூட்டப்பட்ட கைப்பேசியில் வேறு சிம் இயங்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே கூடுதல் ரோமிங் கட்டணம் நீக்கப்பட்டுள்ளது. பிரான்ஸில் வாங்கிய சிம் கார்டை, நியாயமான பயன்பாட்டு வரம்புக்கு உட்பட்டு, இத்தாலியிலும் பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இந்த விதி பொருந்தாது.

இ-சிம்

அட்டை இல்லாமல், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நிறுவப்படுவது இ-சிம். இதை நிறுவுவதற்கே இணையம் தேவை என்பதால், வீட்டிலேயே நிறுவிக்கொள்வது நல்லது. சில திட்டங்களின் காலக்கெடு நிறுவிய உடனேயே தொடங்கும். வேறு சிலவற்றில் வெளிநாட்டு நெட்வொர்க்குடன் இணைந்த பிறகே தொடங்கும். இதை வாங்கும்போதே கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்பனையாகும் ஐபோன் 14 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களில் சிம் கார்டு செருகும் வசதியே இல்லை என்பதால், அவற்றுக்கு இ-சிம் மட்டுமே வழி.

ஓடிபி வருமா?

பயணிகளுக்கான இ-சிம் திட்டங்கள் பல, எண் இல்லாமல் டேட்டாவை மட்டுமே வழங்குகின்றன. இந்திய வங்கிகளின் ஓடிபி, பதிவு செய்யப்பட்ட இந்திய எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வரும். அந்த சிம்மைக் கழற்றிவிட்டால் பணப் பரிவர்த்தனை முடங்கும். எனவே, இந்திய எண்ணை இயக்கத்தில் வைத்து, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, இணையத்துக்கு இ-சிம்மைப் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறத் தனித் திட்டம் தேவையா என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் முன்பே கேட்டறிய வேண்டும். ரோமிங்கில் உள்வரும் அழைப்புகளுக்கும் கட்டணம் உண்டு.

நாட்டுக்கு நாடு மாறும் கட்டுப்பாடுகள்

சீனாவில் கூகுள், வாட்ஸ்அப் சேவைகள் தடை செய்யப்பட்டுள்ளன. அங்கு வாங்கும் சிம்மில் அவை இயங்காது. ரோமிங் டேட்டா பொதுவாகச் சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகச் செல்வதால், இந்திய சிம்மில் அவை பெரும்பாலும் இயங்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குறுந்தகவல் அனுப்பலாம். அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உள்ளது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், விடுதி முகவரியைத் தாளில் எழுதிவைப்பதும், வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும் வகையில் முன்பே பதிவிறக்கி வைப்பதும் இணைப்பு கிடைக்காத நேரத்தில் கைகொடுக்கும்.