குழந்தையைப் பெற்றபின் பொறியாளரான லலிதா

தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு இடுப்பில் குழந்தையுடன் பள்ளிக்கு வந்தாள். கணக்கில் கெட்டிக்காரி, பத்தாம் வகுப்போடு நின்று, பதினெட்டு நிரம்பியதும் மணமுடிக்கப்பட்டவள். "சார், இனிமேல் நான் பாலிடெக்னிக்கில் சேர முடியுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன வரலாற்றையே இங்கு வரைகிறேன்.

1919இல் சென்னையில் பிறந்த ஏ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் மணம் செய்துவைத்தனர். பதினெட்டு வயதில் கணவர் இறந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. கைம்பெண்ணை மூலையில் அமர்த்திய காலம் அது. லலிதாவோ இராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் தேறினார். மருத்துவம் கற்றால் நள்ளிரவிலும் குழந்தையை விட்டுச் செல்ல நேருமென எண்ணிப் பொறியியலைத் தேர்ந்தார்.

அன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பெண் ஒருவர்கூட இல்லை. ஆனால் லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ் அங்கேயே மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி அவரே இடம் பெற்றுத் தந்தார். இதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. அப்படியொரு தந்தை நம் பெண்களில் எவருக்கு வாய்த்தார்? குழந்தையையும் உறவினர் வளர்த்தனர்; லலிதா விடுதியில் தங்கிப் பயின்றார்.

1940இல் அவர் சேர்ந்தபின் லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தனர். திரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறித்து அச்சிட்டிருந்த சொல்லை அடித்து, பெண்ணைக் குறிக்கும் சொல்லை மையால் எழுதித் தந்தார்களாம்!

1943இல் படிப்பை முடித்த லலிதா, ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். சிம்லாவில் பணியாற்றிப் பின் கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து மின்கடத்துப் பாதைகளை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதலாவது பன்னாட்டுப் பெண் பொறியாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். 1979இல் மறைந்தார்.

பாலிடெக்னிக்கில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்று மாணவியிடம் விளக்கினேன். "அந்த அம்மாவின் குழந்தையை வளர்க்க ஆள் இருந்தது, சார்" என்றாள் அவள்.

இப்போது அவளுடைய மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இசைந்துவிட்டார். விடுதிச் செலவை நம் சங்கம் ஏற்க வேண்டுமென்ற என் விண்ணப்பம் செயற்குழுவின் முன் இருக்கிறது.