அளவறிந்து இட்ட எரு: அந்தலூஸ் தந்த வேளாண் பாடம்

சென்ற வாரம் ஃபிக்ஹுப் பாடத்தின் நடுவே ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், சாணம் நஜீஸ் என்று சொல்லித் தருகிறீர்கள். அதைப் போட்டு வளர்த்த கீரையை மட்டும் எப்படி உண்கிறோம்?"

நல்ல கேள்வி. சாணத்தை அசுத்தம் என்று கூறும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல்களே, அதை நிலத்துக்கு எருவாக இடுவதை அனுமதிக்கின்றன. அதில் விளைந்த பயிர் தூய்மையானது. மேலே ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டால் போதும். சட்டத்தின் விடை இவ்வளவே. ஆனால், எருவைப் பயிருக்கு எப்படி இட வேண்டும் என்பதைத் தனிக் கல்வியாகவே வளர்த்த அறிஞர்களும் நம் வரலாற்றில் உண்டு.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 11ஆம் நூற்றாண்டில், அந்தலூஸின் துலைத்துலா (தொலேதோ) நகரில் வாழ்ந்தவர் இப்னு பஸ்ஸால். அந்நகரை ஆண்ட மஃமூனின் தோட்டத்தில் பணியாற்றிய அவர், ஹஜ்ஜுப் பயணத்தின்போது கண்ட நாடுகளின் வேளாண்மையையும் கூர்ந்து கவனித்தவர். தம் நூலில் அவர் முன்னோர் கூற்றுகளை அடுக்கவில்லை. கையால் செய்து அறிந்ததையே எழுதினார். மண்ணைப் பத்து வகையாகப் பிரித்தார். எருவையும் ஒரே பொருளாக அவர் கருதவில்லை. குதிரை, கழுதைகளின் சாணம், ஆட்டுப் புழுக்கை, புறா எச்சம், குளியலறை அடுப்புகளின் சாம்பல், குப்பைகளை மக்கவைத்துச் செய்த எரு என ஒவ்வொன்றின் இயல்பையும் தனித்தனியே விளக்கினார்.

அவர் மரபின் சாரம் இதுதான்: புதிய எருவை விட நன்கு மக்கிய பழைய எருவே சிறந்தது. புறா எச்சம் வீரியமிக்கது. ஆகவே சிறிதளவே இட வேண்டும். சாம்பல் வறண்டது, அதைப் பிற எருவுடன் கலந்தே இட வேண்டும். மண்ணையும் செடியையும் பார்த்த பிறகே எருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1085ஆம் ஆண்டில் துலைத்துலா ஆறாம் அல்ஃபோன்ஸோவின் கைக்குப் போனது. இப்னு பஸ்ஸால் இஷ்பீலியாவுக்கு (செவில்) வந்து சேர்ந்தார். நகரம் கைவிட்டுப் போயிற்று. கல்வி அவரோடு வந்தது. அடுத்த நூற்றாண்டில் அதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம் தம் பெருநூலான கிதாபுல் ஃபிலாஹாவை எழுதியபோது, இப்னு பஸ்ஸாலின் அனுபவத்தை அதில் சேர்த்துக்கொண்டார். அந்நூல் 1802இல் மத்ரிதில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கண்டது இன்றைய வேதியியலோடு பொருந்துகிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. அளவு மீறினால் வேரைக் கருக்கும். மரச்சாம்பலில் சாம்பல்சத்து உண்டு. அளவு மீறினால் மண்ணின் காரத்தன்மை ஏறும். மக்காத எருவோ செடிக்கு உரிய தழைச்சத்தைத் தானே சிறிது காலம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதை நான் நூலில் படிக்கும் முன்பே மாடியில் பட்டு அறிந்தேன். கத்தரிச் செடி விரைவில் காய்க்கட்டும் என்று கைநிறைய யூரியா இட்டேன். இலைகள் கரும்பச்சையாகத் தழைத்தன, பூ வரவில்லை, தளிர் முழுதும் அசுவினி மொய்த்தது. குறை உரத்தில் இல்லை. என் அவசரத்தில் இருந்தது. செடிக்குத் தேவையானதைக் கேட்காமல், எனக்குத் தேவையானதைக் கொட்டினேன்.

மறுநாள் மாணவர்களை மத்ரஸாவின் பின்புறம் அழைத்துச் சென்றேன். ஓராண்டுக்கு முன் குவித்த இலையும் சாணமும் அங்கே கருமண்ணாகக் கிடந்தன. கேள்வி கேட்ட மாணவன் குனிந்து முகர்ந்தான். "சாண வாடையே இல்லையே, ஹஜ்ரத்! மழை பெய்த மண் வாசம்தான் வருகிறது" என்றான்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த செய்தி. அந்த ஸதகாவைத் தூய்மையாகத் தர விரும்புவோர், நடுவதோடு நில்லாமல், மண்ணை அறிந்து, எருவை மக்கவிட்டு, அளவோடு இடவும் கற்றுக்கொள்ள வேண்டும். வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.