ஆட்சேபணையும் கருத்துக் கேட்பும்: இந்தியச் சுற்றுச்சூழல் விதிகளில் சூழல் குழுக்களின் இடம், 1986–2006

இந்தியச் சூழல் இயக்கங்கள் அரசின் கொள்கை வகுப்புக்குள் எவ்வழியாக நுழைந்தன என்னும் வினாவுக்கு இதுவரை தரப்பட்ட விடைகளில் செல்வாக்கு மிகுந்தது வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவுடையது. ஹுவான் மார்ட்டினெஸ் அலியெருடன் சேர்ந்து 1997இல் அவர் வெளியிட்ட 'வெரைட்டீஸ் ஆஃப் என்விரான்மென்டலிசம்' என்னும் நூல், வளர்ந்த நாடுகளின் சூழலியத்தை வயிறு நிறைந்தோரின் இயற்கை நாட்டம் என்றும், இந்தியா போன்ற நாடுகளின் சூழலியத்தை வாழ்வாதாரம் பறிபோவதை எதிர்க்கும் ஏழைகளின் போராட்டம் என்றும் பிரித்துக் காட்டியது. அங்கே சம்பளம் பெறும் ஊழியர்களைக் கொண்ட அமைப்புகள் சட்டமன்ற உறுப்பினர்களை அணுகியும் வழக்குத் தொடுத்தும் செயல்படுகின்றன. இங்கே ஊரும் இனக்குழுவும் தமக்குரிய உறவுகளின் பலத்தில் திரண்டு ஊர்வலம், தர்ணா, முற்றுகை, மறியல், கடையடைப்பு, சிறை நிரப்பல், உண்ணாவிரதம் எனத் தெருவில் இறங்குகின்றன என்பது அப்பிரிவின் சாரம்.

இப்பிரிவுக்குச் சான்றில்லாமல் இல்லை. கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்துக் குஸ்னூரில், பொதுநிலம் ஆலையொன்றின் மூலப்பொருள் தேவைக்காகத் தைலமரத் தோப்பாக மாற்றப்பட்டபோது, 1987 நவம்பர் 14 அன்று திரண்ட மக்கள் நூறு தைலக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு ஊருக்குப் பயன்படும் மரக்கன்றுகளை அங்கே நட்டதை அவர் விரிவாக எழுதுகிறார். போராட்டத்தை நடத்திய சமாஜ பரிவர்த்தன சமுதாய அமைப்பு, கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தை முன்னிறுத்தி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்ததையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அந்த விவரிப்பில் எழுத்து வழிப்பட்ட முயற்சி எப்போதும் பக்கவாத்தியமாகவே வருகிறது. தெருவும் நீதிமன்றமும் என்னும் இரண்டு களங்களை மட்டுமே காணும் இந்தப் பார்வையில், முடிவெடுப்பதற்கு முன்னர் நிர்வாகமே வெளியார் சொல்லைக் கேட்டாக வேண்டும் என்று சட்டம் பணிக்கும் மூன்றாவது களமான கலந்தாய்வுக்கு இடமே கிடைக்கவில்லை. குஹாவைப் பின்பற்றியோர் இதை மேலும் இறுக்கி, கருத்துக் கேட்பு என்பது வெறும் சடங்கு, போராட்டத்தின் வேகத்தை வடியவைக்க அரசு திறந்துவிட்ட வாய்க்கால் என்ற அளவுக்குக் கொண்டுசென்றனர்.

அவருடைய இரு பெட்டிகளிலும் அடங்காத நிகழ்வுக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும். காட்டை நம்பி வாழ்ந்த ஏழைகளும் அல்லர், வயிறு நிறைந்து இயற்கையை ரசித்தவர்களும் அல்லர். அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தை எதிர்த்த அவர்கள் கையாண்ட முதன்மைக் கருவி, மின்சாரத் தேவை, செலவு, காட்டின் மதிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு எழுதிய அறிக்கை. அரசு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு அமைத்ததும், 1983இல் திட்டம் கைவிடப்பட்டதும் அந்த வாதங்கள் பரவிய சூழலில் நடந்தவை. எனினும் அன்று அரசு கேட்டது தன் விருப்பத்தால். கேட்டாக வேண்டும் என்ற விதி எதுவும் இருக்கவில்லை.

அந்த விதி வந்தது 1986இல். போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் இயற்றப்பட்ட சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் அதே ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளில், ஐந்தாம் விதியின் மூன்றாம் துணை விதி இக்கட்டுரையின் மையச் சான்று. ஒரு பகுதியில் தொழிற்சாலைகளையோ குறிப்பிட்ட செயல்முறைகளையோ தடைசெய்ய அல்லது கட்டுப்படுத்த மத்திய அரசு கருதினால், அந்த நோக்கத்தைக் காரணங்களுடன் அரசிதழில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர் அறுபது நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். வந்தவற்றை அரசு பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. ஆட்சேபணை எதற்கு எதிரானது என்பதைத்தான் கூர்ந்து நோக்க வேண்டும். தடை விதிப்பதற்கும் கட்டுப்பாடு விதிப்பதற்கும் எதிரான ஆட்சேபணை என்றே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. அதாவது, இவ்விதியை எழுதியோரின் மனத்தில் இருந்த ஆட்சேபணைக்காரர், கட்டுப்பாட்டால் நட்டப்படக்கூடிய ஆலை முதலாளி. கட்டுப்பாடு போதாது என்று சொல்ல வருபவரை விதி எண்ணிப் பார்க்கவே இல்லை. பின்னாளில் சூழல் குழுக்கள் நுழைந்த வாசல், அவர்களால் கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களுக்காகக் கட்டப்பட்டது என்பது குஹாவின் வாசிப்பிலும் இல்லை, அவரை மறுத்தோர் எழுத்திலும் அழுத்தம் பெறவில்லை.

இந்த வாசல் எப்போது மற்றவர்களுக்கும் திறந்தது? விடை தேட வேண்டிய இடம் அறிவிக்கைகளின் முகப்புரை. கல்வெட்டின் மெய்க்கீர்த்தியைத் தாண்டித் தானப் பகுதிக்கு விரையும் வாசகரைப் போலவே சட்ட வாசகரும் முகப்புரையைப் படிப்பதில்லை. ஆனால் இங்கே வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தை அமைத்த 1991 பிப்ரவரி 19ஆம் நாள் அறிவிக்கை, 1990 டிசம்பரில் வெளியான தன் வரைவைக் குறிப்பிடும்போது, கடற்கரைப் பகுதிகளை மண்டலமாக அறிவிப்பதற்கு எதிராக ஆட்சேபணைகள் கேட்கப்பட்டதாகச் சொல்கிறது. இது 1986 விதியின் குரலேதான். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை, அதாவது ஒரு திட்டம் தொடங்கும் முன்பே அதனால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் மக்களுக்கும் நேரக்கூடியவற்றைக் கணித்து அனுமதி வழங்கும் முறையை, முதன்முதலில் சட்டக் கட்டாயமாக்கிய 1994 ஜனவரி 27ஆம் நாள் அறிவிக்கையோ, 1993 ஜனவரி 28இல் வெளியான தன் வரைவின் வழியாகப் பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணைகள் கேட்கப்பட்டதாகச் சொல்கிறது. விதி மாறவில்லை, விதியை நினைவுகூரும் தொடர் மாறிவிட்டது. ஒன்றில் ஆட்சேபணை எதற்கு எதிரானது என்பது முன்னிற்கிறது. மற்றதில் யாரிடமிருந்து வருகிறது என்பது முன்னிற்கிறது.

இது அலுவலக எழுத்தரின் நடை வேறுபாடாக மட்டும் இருக்கலாம் என்ற மறுப்பு எழக்கூடியதே. முகப்புரையின் ஒரு தொடரை வைத்துக் கொள்கை மாற்றத்தை நிறுவிவிட முடியாது என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் இரண்டு செய்திகள் நடை வேறுபாடு என்னும் விளக்கத்தை வலுவிழக்கச் செய்கின்றன. முதலாவது, இவ்விரண்டு முகப்புரைகளுக்கும் இடையில்தான் 1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டின் பிரகடனம், சூழல் தொடர்பான முடிவுகளில் அக்கறையுள்ள குடிமக்கள் அனைவரும் பங்கேற்க வேண்டும் என்பதைப் பத்தாம் கோட்பாடாக ஏற்றது. இரண்டாவதும் வலுவானதும் எதுவெனில், அதே 1994 அறிவிக்கையின் உடலிலும் இந்த மாற்றம் தெரிகிறது. மதிப்பீட்டு முகமை விரும்பினால் பொதுமக்களின் கருத்தைக் கூட்டம் கூட்டிக் கேட்கலாம் என்கிறது அது. நிபுணர் குழுக்களின் அமைப்பைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையிலோ அரசு சாரா அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு அல்லது சூழலில் அக்கறை கொண்டோருக்கு இடம் ஒதுக்குகிறது. ஆகவே சொல் மாற்றம் தனித்து நிற்கவில்லை. மாற்றம் நிகழ்ந்த காலத்தை 1991 பிப்ரவரிக்கும் 1994 ஜனவரிக்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாமே தவிர, அதற்கும் குறுகிய எல்லைக்குள் அடக்குவது சான்றை மீறியதாகும். தமிழ்நாட்டு வாசகர் இந்த எல்லையின் பொருளைக் கூடங்குளத்திலிருந்து அறிவர்: அங்கே முதலிரண்டு அணு உலைகளுக்கு 1989இலேயே சூழல் அனுமதி தரப்பட்டதால் அவற்றுக்குக் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2013இல் ஏற்றது.

கேட்கலாம் என்பதைக் கேட்க வேண்டும் என்று மாற்றியது 1997 ஏப்ரல் 10இல் வந்த திருத்தம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முப்பது நாள் முன்னறிவிப்பை இரு நாளிதழ்களில் வெளியிட வேண்டும், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் நியமிப்பவர், உள்ளாட்சி உறுப்பினர்கள், ஊர் மூத்தோர் ஆகியோரை உள்ளடக்கிய குழு முன்னிலையில் கூட்டம் நடக்க வேண்டும் என்று அதன் நான்காம் அட்டவணை விதித்தது. அந்த அட்டவணையின் உண்மையான புதுமை நடைமுறையில் இல்லை. பங்கேற்கத் தக்கோரைப் பட்டியலிடும்போது ஊர்வாசிகளுக்கு அடுத்ததாகச் சூழல் குழுக்கள் என்றே அது பெயர் சொல்கிறது. பதிவு பெற்றதோ பெறாததோ, சூழல் துறையில் இயங்கும் எந்தக் கூட்டமைப்பும் 'நபர்' என்னும் விளக்கத்துள் அடங்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறது. ஆலை முதலாளிக்காகத் திறந்த வாசலில் பதினோரு ஆண்டுகள் கழித்துச் சூழல் குழு தன் பெயரோடு நின்றது.

ஏன் 1997? ரியோவின் தாக்கம் மட்டுமே காரணமெனில் 1994இலேயே இது நேர்ந்திருக்க வேண்டும். நேரடிச் சான்று இல்லாத இவ்விடத்தில், முந்தைய ஆண்டின் நீதிமன்ற வரலாறே நம்பத்தக்க விளக்கமாகிறது. கடலோர மண்டல விதிகள் நடைமுறைப்படுத்தப்படாததைக் கேள்விக்குட்படுத்திய வழக்கில் 1996 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வழக்கைத் தொடுத்தது இந்தியச் சூழல் சட்ட நடவடிக்கை மன்றம். பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன், கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கின் தீர்ப்பு டிசம்பரில் வந்தது. ஒரே ஆண்டில் வந்த இம்மூன்றில் இரண்டு தமிழ் மண்ணில் பிறந்தவை. இரண்டில் மனுதாரர் ஓர் அமைப்பு, மூன்றாமவரோ ஓர் இயக்கத்தின் முகம். நான்கு மாதங்களுக்குப் பின் அட்டவணை எழுதிய அதிகாரிகளுக்குச் 'சூழல் குழு' என்பது விளக்கம் தேவைப்படாத, எதிரில் நின்று பழகிய தரப்பாகிவிட்டிருந்தது என்று கொள்வதில் மிகையில்லை. இக்கருத்து ஊகம் என்பது உண்மை; ஆனால் தெருப் போராட்டத்தின் அழுத்தத்தால் மட்டும் அப்பெயர் வந்தது என்பதும் அதைவிடக் குறைந்த சான்றுடைய ஊகமே.

பெற்ற பெயர் ஒன்பதாண்டுகளே நிலைத்தது. 2005 செப்டம்பரில் வரைவாக வந்து 2006 செப்டம்பர் 14இல் முழு வடிவம் பெற்ற புதிய அறிவிக்கை, கலந்தாய்வை இரண்டாகப் பிளந்தது: திட்ட இடத்திலோ அதன் அருகிலோ நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் உள்ளூரில் பாதிக்கப்படுவோரின் கவலைகளை அறிவதற்கு, ஏற்கத்தக்க அக்கறையுடைய ஏனையோரிடமிருந்து எழுத்து மூலமான கருத்து. சூழல் குழுக்கள் என்னும் சொல் கலந்தாய்வுப் பகுதியில் இல்லை. நிபுணர் குழுவிலிருந்த அரசு சாரா அமைப்புகளின் இடமும் துறை வல்லுநர்களுக்குப் போயிற்று. முகப்புரைகூட மாறியது, இப்போது ஆட்சேபணை கேட்கப்பட்டது பாதிக்கப்படக்கூடிய நபர்களிடமிருந்து. உள்ளூர் நிலைமை மக்கள் தடையின்றிப் பேச இடந்தராது என்று அறிக்கை வந்தால் கூட்டத்தையே கைவிடலாம் என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு. எதிர்ப்பு மிகுந்த ஊரில்தான் அத்தகைய நிலைமை எழும் என்பதை எழுதியோர் அறியாதவர்கள் அல்லர்.

இந்தச் சுருக்கத்தை நீதிமன்றங்கள் ஓரளவு தளர்த்தின. கோவாவின் சுரங்கம் ஒன்றைப் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009 நவம்பரில், கூட்டத்தில் எழுந்த ஆட்சேபணைகளை நிபுணர் குழு கருதிப் பார்த்ததற்கான காரணங்கள் பதிவாக வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு சமர்த் அறக்கட்டளை வழக்கில், அருகில் வசிக்காதோரும் கூட்டத்தில் பேசுவதை 2006 அறிவிக்கை தடுக்கவில்லை என்று அதே நீதிமன்றம் பொருள் கொண்டது. கருத்துக் கேட்பு வெறும் சடங்கு என்போர் எதிர்கொள்ளாத செய்தி இதுவே: கூட்டத்தில் சொன்னது அன்றே பயன் தராவிடினும், ஏட்டில் ஏறிவிட்டால் பின்னர் அனுமதியைச் சட்டப்படி அசைக்கும் ஆவணமாகிறது.

குஹாவின் பிரிவுக்கு இறுதிச் சோதனை 2008இல் வந்த கடலோர மேலாண்மை மண்டல வரைவு. ஒழுங்குமுறையை மேலாண்மையாக மாற்ற முயன்ற அதனை எதிர்த்துத் தேசிய மீனவர் பேரவை கடற்கரையோரம் நெடும் பரப்புரைப் பயணம் நடத்தியது. அதே வேளையில் மீனவர் அமைப்புகளும் சூழல் குழுக்களும் எழுத்தில் ஆட்சேபணைகளைக் குவித்தன. அரசு எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் குழு அமைத்தது. அக்குழு 2009 ஜூலையில் வரைவை விட்டுவிடப் பரிந்துரைத்தது. வரைவை இறுதி செய்ய 1986 விதி தந்திருந்த கெடு முடிந்ததும் அது தானே காலாவதியானது. மேலாண்மைக் கருத்தை 2005இல் முன்மொழிந்த குழுவுக்கும் தலைவர் அதே சுவாமிநாதன்தான். மீனவர் ஏழைகள், அவர்கள் தெருவிலும் இருந்தனர், அறுபது நாள் கெடுவுக்குள் கடிதமும் எழுதினர், வரைவை வீழ்த்தியதில் எது முதன்மை என்று பிரித்துரைக்கச் சான்று இடந்தரவில்லை. இரண்டையும் வேறு வேறு மக்களுக்கு உரியனவாக்கிய பிரிவு இங்கே செல்லாது.

2020இல் வெளியான புதிய தாக்க மதிப்பீட்டு வரைவு, கூட்டத்துக்கான முன்னறிவிப்பை முப்பது நாளிலிருந்து இருபது நாளாகக் குறைக்க முன்வந்தது. ஊரடங்குக் காலத்தில் வந்த அதற்குக் கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்டு 11 வரை நீட்டித்ததோடு, எட்டாம் அட்டவணை மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடவும் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பல லட்சம் கருத்துரைகள் போய்ச் சேர்ந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாகவில்லை. பலமுறை திருத்தப்பட்டு நடைமுறையில் நிற்பது 2006 அறிவிக்கையே; அதன் கலந்தாய்வுப் பிரிவுக்குள் சூழல் குழுக்கள் என்னும் பெயர் இன்னும் திரும்பவில்லை.