புயச் சுற்றளவும் பசியின் அளவும்

குழந்தை போதிய உணவின்றி மெலிந்திருக்கிறதா என்று அறிய, எடையை வயதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இதற்குத் தராசு வேண்டும். வயதும் தெரிய வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த உள்நாட்டுப் போரின்போது இக்கேள்வி எழுந்தது. பயாஃப்ராவில் கடும் பஞ்சம், குழந்தைகளோ பலர், இருந்த உணவோ சிறிது. யாருக்கு முதலில் கொடுப்பது? அங்கு பணியாற்றிய குவேக்கர் தொண்டுக் குழுவினர் ஓர் எளிய கோலைப் பயன்படுத்தினர். அதில் ஒவ்வோர் உயரத்திற்கும் நேராக ஒரு புயச் சுற்றளவு குறிக்கப்பட்டிருந்தது. குழந்தையின் புயத்தை அளந்தபின் கோலருகே நிறுத்துவார்கள். தன் புய அளவுக்குரிய குறியைத் தலை தாண்டினால், உயரத்திற்கேற்ற சதைப்பற்று இல்லை என்று பொருள்.

புயத்தை ஏன் தேர்ந்தனர்? உணவு குறையும்போது உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைக்கிறது. புய எலும்பைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் இவ்விரண்டுமே. 1966-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலில் டெரிக் ஜெலிஃப் இவ்வளவையைப் பற்றி விளக்கியிருந்தார்.

ஆனால் மெலிந்த புயம் உயிருக்கு ஆபத்தைக் காட்டுமா? இன்றைய வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில், 1970-இல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இக்கோலால் அளக்கப்பட்டனர். பதினெட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, மிக மெலிந்த பிரிவினரிடையே இறப்பு விகிதம், நல்ல நிலையில் இருந்தோரைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. சோமரும் லோவன்ஸ்டீனும் 1975-இல் இதை வெளியிட்டனர்.

இதற்கிடையே, 1974-இல் ஷாகிர், மோர்லி இருவரும் கோலையும் நீக்கிவிட்டனர். நன்கு வளரும் குழந்தையின் புயம் ஒன்று முதல் ஐந்து வயது வரை ஏறத்தாழ 16 செ.மீ. அளவிலேயே இருக்கிறது. மழலைக் கொழுப்பு குறையக் குறையத் தசை வளர்ந்து அதை ஈடு செய்கிறது. ஆகவே உயரமும் தேவையில்லை; மூவண்ண நாடாவே போதும். 13.5 செ.மீ.க்கு மேல் பச்சை, 12.5 வரை மஞ்சள், அதற்குக் கீழ் சிவப்பு. எழுத்தறியாதவரும் நிறத்தைப் படிக்கலாம் அல்லவா!

2009-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு என்று வகுத்தன.

தோள் முனைக்கும் முழங்கைக்கும் சரியாக நடுவில், சதையை இறுக்காமல் அளக்க வேண்டும். பாதம் நீர்கோத்து வீங்கியிருந்தால், நாடா பச்சை காட்டினாலும் நம்பிவிடக் கூடாது. நைஜர் நாட்டில் பயிற்சி பெற்ற தாய்மார்களே தம் குழந்தைகளை அளந்து, மெலிவை முன்கூட்டியே கண்டறிந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. போர்க்களத்தில் பிறந்த அளவுகோல் இவ்வாறு தாயின் கைக்கு வந்து சேர்ந்தது.